பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள்: எப்படிச் சேகரிப்பது, எதைப் பழுதுபார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

இருநூறு வருஷப் பழமையான கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கத்தான் முதலில் மனம் போகும். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். உப்புத்தாளும் பாலிஷும் ஒரே மத்தியானத்தில் தின்றுவிடும் முத்திரைகளை எவ்வளவு திறமையான கைவினைஞராலும் திருப்பித் தர முடியாது. பழுதுபார்ப்பதா, இருக்கிறபடியே காப்பதா என்ற முடிவுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே பெரிய முடிவு. அதைச் சரியாக எடுக்க, கையில் இருப்பது என்ன என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

எல்லா நாட்டுத் துப்பாக்கிகளையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 1750 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ் ராணுவக் கைத்துப்பாக்கிகளை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் அரசின் ஆர்டனன்ஸ் எனும் ஆயுத வாரியம் வாங்கியவை ஒரு பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் மெட்ராஸ், வங்காளம், பம்பாய்ப் படைகளுக்காக வாங்கியவை இன்னொரு பக்கம். இவை இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. முத்திரைகள் நன்றாக ஆராயப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் சட்டம்

இதைத் தாண்டி மேலே போகவே கூடாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகை அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைச் சுடும் ஆயுதமாகப் பயன்படுத்த முடியாத நிலை இருக்க வேண்டும். இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, அடைந்த துளையைத் திறந்து, துப்பாக்கியை மறுபடி இயங்க வைத்தால், அதுவரை இருந்த பாதுகாப்பு போய்விடலாம். உங்கள் துப்பாக்கி எந்தப் பக்கம் வரும் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உரிமம் வழங்கும் அதிகாரியிடம், அதாவது மாவட்டத்தில் ஆட்சியரிடமும் சென்னை போன்ற மாநகரத்தில் காவல் ஆணையரிடமும், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனிநபர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஊருக்கு வந்த உறவினர் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழம் துப்பாக்கிக்கு விலக்கு தருகிறது. சுடுவதற்கென்று வைத்திருந்தால் விலக்கு இல்லை. எது பழம் துப்பாக்கி என்பதற்கு 2021-இல் தனி விதிகளே வந்துவிட்டன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம் துப்பாக்கி. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். கனடாவில் 1898-க்கு முந்தையது.

மருந்து இருக்கிறதா என்று பாருங்கள்

வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் சில, கடைசியாகக் கெட்டித்தபடியே இன்றும் கிடக்கின்றன. கருமருந்துக்கு வயதாகிக் கெட்டுப்போகும் பழக்கம் கிடையாது. ஈரம் படாதிருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும்.

சோதனை எளிது. துப்பாக்கி வாய் உங்களையோ வேறு யாரையோ பார்க்காதபடி வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். நின்ற இடத்தில், குழல் வாயின் விளிம்புக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே கோடு வாயோடு ஒட்டுமாறு பக்கவாட்டில் வையுங்கள். குச்சியின் நுனி, குழலின் அடியில் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வரைக்கும் வர வேண்டும். நெருப்பு உள்ளே போகும் அந்தத் துளைக்குப் பற்றுவாய் என்று பெயர். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அழுக்காகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள். தோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள், துளையிடாதீர்கள். தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளரையோ காவல் துறையையோ கூப்பிடுங்கள்.

துப்பாக்கியைப் படிப்பது

இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள். ஒரு பூதக்கண்ணாடி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த ஒரு டார்ச் போதும். நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரை, சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து வரும்.

முதலில் வடிவம். கடற்படைத் துப்பாக்கி என்றால் பழைய மாதிரியில் 12 அங்குலக் குழல், இடுப்புப் பட்டையில் செருக இடது பக்கம் நீளமான இரும்புக் கொக்கி. லைட் டிராகூன் எனப்பட்ட குதிரைப்படையின் துப்பாக்கிக்கு 9 அங்குலக் குழல், சுமார் 0.65 அங்குல வாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய நியூ லேண்ட் மாதிரியில், மருந்தைக் கெட்டிக்கும் கம்பி குழலோடு ஒரு சுழல் கீலில் இணைந்திருக்கும். ஓடும் குதிரை மேல் இருந்து கெட்டிக்கிறவன் கை தவறினாலும் கம்பி கீழே விழாது. அந்தக் கீலின் தேய்மானத்தைப் பாருங்கள். நிஜமாகப் படையில் உழைத்த துப்பாக்கியில் அது லொடலொடவென்று ஆடும்.

அடுத்து விசைப்பொறி. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் கைக்கு காக் என்று பெயர். அது பாய்ந்து மோதும் இரும்பு ஃபிரிஸன். பொறி விழும் சின்னக் கிண்ணம் பேன். இவை மூன்றும் இருந்தால் சக்கிமுக்கி வகை. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சித் 1807-இல் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கேப் வகை. ஒரு சின்னக் காம்பின் மேல் செம்புக் கேப்பை வைத்துச் சுத்தியால் அடிப்பது. 1840-களில் பிரிட்டிஷ் ராணுவம் பெரும்பாலும் இதற்கு மாறிவிட்டது.

இனி முத்திரைகள். அரசுத் துப்பாக்கியில் விசைப்பொறித் தகட்டின் நடுவே கிரீடமும், அதன் கீழே ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்தும், வால் பக்கம் டவர் என்ற சொல்லும் இருக்கும். லண்டன் டவர் கோட்டைதான் அன்றைய ஆயுதக் கிடங்கு. 1764 வரை அந்தத் தகட்டில் செய்தவர் பெயரும் ஆண்டும் பொறித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். குழலில் கிரீடத்தின் கீழே குறுக்காக இரண்டு செங்கோல்கள் இருந்தால் அது மருந்து நிரப்பிச் சோதித்துத் தேறிய முத்திரை.

கம்பெனித் துப்பாக்கியை அடையாளம் காண்பது இன்னும் சுவையானது. சுமார் 1808 வரை நான்கு அறையாகப் பிரித்த இதய வடிவம், அறைக்கு ஒன்றாகக் கம்பெனியின் எழுத்துகள், உச்சியில் நான்கு என்ற எண் போன்ற குறி. சரக்கு மூட்டைகளில் குத்திய அதே வணிகக் குறியைத்தான் ஆயுதத்திலும் குத்தினார்கள். அதன்பின் கிரீடத்தைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் சிங்கம். தேய்ந்துபோன தகட்டில் சிங்கத்தின் வாலும் பின்னங்காலும் மட்டும் மிஞ்சியிருப்பதைக்கூடப் பார்க்கலாம். அந்த அரைச் சிங்கம் போய்விட்டால் துப்பாக்கி ஊர் பேர் இல்லாததாகிவிடும்.

நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரீஸ், லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகம் ஆகியவை நல்ல பள்ளிக்கூடங்கள். அசலைப் பத்து தடவை பார்த்த கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

போலியும் ஒட்டுவேலையும்

டவர் என்று பொறித்ததெல்லாம் டவரில் இருந்து வந்ததல்ல. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப் பகுதியில், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்யும் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. இந்தியாவிலும் அலங்காரத்துக்கென்று செய்து விற்கிறார்கள். அந்தக் கைவேலைக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் அதை அசல் விலைக்கு வாங்கக் கூடாது. கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காது, சில சமயம் தலைகீழாகவே இருக்கும். குழல் முழுக்க ஒரே சீராகக் குழி விழுந்திருக்கும், ஏனென்றால் அது அமிலம் போட்ட வேலை. உண்மையான துரு அப்படிச் சீராகப் பிடிக்காது. பற்றுவாயைச் சுற்றி அதிகமாகவும், கை படாத இடுக்குகளில் வேறு மாதிரியாகவும் இருக்கும்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். குதிரைவீரனின் துப்பாக்கி சேணத்து உறையில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. அதனால் குழல் வாய்ப் பக்கம்தான் அதிகம் உரசும். கைப்பிடி அடியில் இருக்கும் பித்தளைத் தொப்பியின் விளிம்பு மழுங்கியிருக்கும். யாரும் தொடாத இடத்தில் தேய்ந்து, தொட வேண்டிய இடத்தில் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

போலியைவிடச் சிக்கலானது இன்னொன்று. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பலவற்றைக் கேப் வகைக்கு மாற்றி அந்தக் காலத்திலேயே மேலும் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் சக்கிமுக்கிக்கு விலை கூடியதும், சிலர் அவற்றைத் திரும்பவும் சக்கிமுக்கியாக்கிவிட்டார்கள். பேன் புதிதாக இருக்கும், ஃபிரிஸனின் முகத்தில் கல் உரசிய கீறல் இருக்காது, பற்றுவாயைச் சுற்றிப் புது உலோகத்தின் வட்டம் தெரியும், நெருப்பு பட்டு அரித்த குழி இருக்காது. விற்பவர் சொல்லாவிட்டால் நீங்கள் நேரடியாகக் கேளுங்கள்: காக், ஃபிரிஸன், பேன் மூன்றும் இதிலேயே பிறந்தவையா? பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கைவைப்பதற்கு முன் பதிவு

எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், முத்திரைகளை அருகில் தனித்தனியாக எடுங்கள். குழல் நீளம், வாய் அளவு, விரிசல், குறை எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரிடம், எப்போது, என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

திருகாணிகளைத் தேவை இல்லாமல் கழற்றாதீர்கள். அந்தக் காலத்துத் திருகாணி கையால் அறுத்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று சேராது. சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிவாக இருப்பதால் பிளவின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துக் கிழித்துவிடும். பிளவுக்கு அளவாக இருபுறமும் இணையாகத் தீட்டிய நுனிதான் வேண்டும். அது இல்லையென்றால் கழற்றும் வேலையே வேண்டாம்.

முடிவு: பழுதுபார்ப்பதா, விடுவதா?

ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். துப்பாக்கி முழுவதற்கும் சேர்த்து ஒரே முடிவு எடுப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

நான் முதலில் கேட்பது: இந்தக் குறை வளர்கிறதா? தொட்டால் விரலில் ஒட்டும் செந்துரு வளரும் துரு. இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், அதை நிறுத்தியாக வேண்டும். கரும்பழுப்பாக, வழவழப்பாக, விரலில் ஒட்டாமல் இருப்பது அடங்கிய துரு. அது மேலும் அரிக்காமல் ஓரளவு காக்கவும் செய்கிறது. அதை விட்டுவிடுங்கள். அதேபோல் மரத்தில் விரிந்துகொண்டே போகும் வெடிப்பைக் கவனிக்க வேண்டும். நூறு வருஷமாக அசையாத கீறலுக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்த கேள்வி: இந்தக் குறை துப்பாக்கியின் சேவைக் காலத்தைச் சேர்ந்ததா? கைப்பிடி ஒடிந்து, படையோடு போன கொல்லர் பித்தளைப் பட்டை வைத்து ஆணி அடித்திருப்பார். பட்டை கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆணித்தலை சமமாக இருக்காது. அழகாக இல்லைதான். ஆனால் அந்தத் துப்பாக்கி உடைந்தும் தூக்கிப் போடப்படாமல் மறுபடி களத்துக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. கேப் வகைக்கு மாறிய துப்பாக்கியும் இப்படித்தான். அந்த மாற்றம் அதன் வாழ்க்கையில் நடந்தது. பழையபடி சக்கிமுக்கியாக்கினால் நடந்ததை அழித்து, நடக்காததைச் செதுக்குகிறோம். என்னைக் கேட்டால், எந்த விலை கிடைத்தாலும் கூடாது.

மூன்றாவது: செய்ததைத் திருப்ப முடியுமா? மரத்தில் விழுந்த வெடிப்பை வஜ்ஜிரம் எனப்படும் தோல் பசையால் ஒட்டலாம். ஈரமும் இளஞ்சூடும் காட்டினால் பிற்காலத்தில் பிரிக்க முடியும். எபாக்ஸி போட்டால் பிரிக்க மரத்தையே உடைக்க வேண்டும். தொலைந்துபோன கெட்டிக்கும் கம்பிக்கும், காக்கின் மேல்தாடைக்கும் புதிது செய்து வைப்பதில் தப்பில்லை. ஆனால் புதுப் பாகத்தின் மறைவான பக்கத்தில் செய்த ஆண்டைக் குத்திவிடுங்கள். நாளைக்கு வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. கழற்றிய பழைய பாகம் உடைந்திருந்தாலும் பெயரெழுதிய உறையில் துப்பாக்கியோடு போக வேண்டும்.

உப்புத்தாள், அரம், பஃபிங் சக்கரம், மங்கிய எழுத்தை மறுபடி வெட்டுவது, கடையில் கிடைக்கும் நீலக் கறுப்பு ரசாயனம் பூசுவது, இவை எந்தச் சூழலிலும் வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் டவர் துப்பாக்கியின் குழல் பளிச்சென்ற வெள்ளிரும்பாகத்தான் பட்டறையை விட்டு வந்தது. அதற்கு நீலம் பூசினால் அது ஒருநாளும் இல்லாத ஒரு துப்பாக்கியாகிவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏற்கெனவே யாரோ முழுதும் தேய்த்து, முத்திரை எல்லாம் போய், வார்னிஷ் அடித்து வைத்திருக்கும் சாதாரண மாதிரி. இழப்பதற்கு இனி அதில் பெரிதாக எதுவும் இல்லை. அதில் வார்னிஷை எடுத்து, காலத்துக்கு ஏற்ற பாகங்களைச் சேர்த்து ஒழுங்கு செய்யலாம். செய்ததை எழுதி வைத்தால் போதும். மாறாக கம்பெனி முத்திரையோடு, தொடாத நிறத்தோடு ஒன்று கிடைத்தால், துரு நிறுத்துவதைத் தவிர மற்ற எதற்கும் உலோகப் பாதுகாப்பு நிபுணரிடம் போங்கள்.

சுத்தம் செய்வது

பருத்தி அல்லது நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையின் உப்பு, விரல் ரேகை மாதிரியே துருவாக எழும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். செந்துரு உள்ள இடத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மரத்தில் படக் கூடாது. பிறகு கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பைவிட மூங்கில் மென்மையானது, அதனால் துரு வரும், இரும்பில் கீறல் விழாது. பழைய துணியால் துடையுங்கள், துணியில் செம்மை வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் எடுங்கள். இதுவும் மரத்தில் பட்டால் பழைய மெருகு கரைந்துவிடும். கடைசியில் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாகத் துடையுங்கள். ரெனசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வில் 1950-களில் உருவானது.

பித்தளைக்குப் புளி வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால், தேனின் நிறத்தில் ஏறியிருக்கும் பழுப்பு முழுக்கப் போய், இடுக்கில் தங்கும் புளிப்பு பக்கத்து இரும்பை அரிக்கும். பச்சைக் களிம்பை மட்டும் மரக்குச்சியால் எடுங்கள். மரத்துக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், ஆளி விதை எண்ணெயும் வேண்டாம். முன்னது சிக்குப்பிடிக்கும், பின்னது காலப்போக்கில் கறுத்து, எடுக்க முடியாத தோலாக இறுகிவிடும். லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி, பிறகு அதே மெழுகு, அவ்வளவுதான்.

வைத்திருப்பது

தோல் உறையில் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் உப்பும் இரும்பில் துருவையும் பித்தளையில் களிம்பையும் கொண்டுவரும். உறை அசலாக இருந்தால் அதைத் தனியே வையுங்கள். ஓக் மரப் பெட்டி அமில ஆவி விடும். பெயின்ட் அடித்த இரும்பு அலமாரியே மேல். அடியில் பாலிஎதிலீன் நுரை விரியுங்கள். காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் இருக்க வேண்டும். ரொம்ப வறண்டால் மரம் வெடிக்கும், ஈரம் கூடினால் இரும்பு போகும். சென்னை மாதிரி கடலோர ஊரில் சிலிகா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மானியும் இல்லாமல் சேகரிப்பே முடியாத காரியம்.

காக் எனும் கையை இழுத்து நிறுத்தி வைக்காதீர்கள், ஸ்பிரிங் சோர்ந்துவிடும். வெறுமனே இழுத்து விட்டு விளையாடவும் கூடாது. இருநூறு வருஷ எஃகு எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதலில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் விளிம்புகள், பிறகு பற்றுவாய், பிறகு ட்ரிகர் வளையத்தின் உள்பக்கம். துரு திரும்பினால் அங்கேதான் திரும்பும். அந்த இடத்தில் மட்டும் எண்ணெயும் மூங்கில் குச்சியும் மெழுகும், பதிவுத் தாளில் தேதியோடு ஒரு வரி.